அக்காவின் இரண்டாம் கல்யாணமும் அத்தானின் இரண்டாம் உயிலும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இருபத்தெட்டு வருடமாக எங்கள் ஊர் மாசாயில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாகக் காகிதம் எழுதிக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன வரும்? உயில், இறந்தவர் பெயரிலிருந்து வீட்டை மாற்றுவது, வாரிசுச் சண்டை, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பிளாஸ்டிக் பையில் காகிதங்களை அள்ளிக்கொண்டு வந்து உட்காருவார்கள். "அப்பா எல்லாத்தையும் வாயால சொல்லிட்டுதான் போனாரு" என்பார்கள். வாயால் சொன்னதை நான் எந்தக் கோர்ட்டில் போய் நீட்டுவது? "இருக்கும்போதே அவரக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நம் ஆட்களுக்கு உயில் என்ற சொல்லே ஆகாது.

அப்படிப்பட்டவர்களில் முதல் ஆள் என் அத்தான். அக்காவைக் கட்டியவர். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டியே முடி நரைத்தவர். மாசாயில் ஒரு வரிசை வீடு, கடன் முழுக்க அடைத்தது, அவர் பெயரில் இருக்கிறது. சொத்து என்று சொல்ல அது ஒன்றுதான். அவருக்கும் அக்காவுக்கும் குழந்தை பிறக்கவில்லை. ஆனால் மகள் உண்டு.

அவர் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த ஒரு சீனப் பெண்ணுக்குப் புருஷன் ஓடிப்போய்விட்டான். பிறந்து நாற்பது நாள் ஆன பெண் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் திண்டாடியதை அத்தான் அக்காவிடம் வந்து சொன்னார். மறுநாளே இருவரும் போய்க் குழந்தையைத் தூக்கி வந்துவிட்டார்கள். தமிழ் வீட்டில் வளரும் சீனப் பிள்ளை எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அவள் பேசக் கற்றது தமிழ், திட்டக் கற்றதும் தமிழ். இப்போது இருபத்தொன்பது வயது. மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறாள். என்னை சின்னம்மா என்பாள். அவள் பொட்டு வைத்துக்கொண்டு பசாருக்குப் போனால் சீன ஆன்ட்டிகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். இவள் தமிழில் பேரம் பேசி அவர்களை அசத்திவிடுவாள்.

ஆனால் தாளில் அவள் யாருடைய மகளோ. முறைப்படி தத்து எடுத்துப் பதிய வேண்டும் என்று நான் அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கத்தினேன். பதிவுக்குப் போனால் பெற்றவளைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவள் மனசு மாறிப் பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்று அத்தானுக்குப் பயம். "அப்பறம் பாத்துக்கலாம்லா" என்றே காலத்தை ஓட்டினார். அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அதற்குமேல் அந்தக் கதவு மூடிவிடும். இனி அவளுக்கு அந்த வீடு சேர வேண்டுமென்றால் உயில் ஒன்றுதான் வழி.

மூன்று வருடத்துக்கு முன் அவரை உட்கார வைத்து உயில் எழுத வைத்தேன். "என்ன அனுப்பி வைக்க உனக்கு ஏன் இவ்வளவு அவசரம்?" என்றார். "நீங்க நூறு வருஷம் இருங்க அத்தான், கையெழுத்து மட்டும் இன்னைக்குப் போடுங்க" என்றேன். வீடு மகளுக்கு, அக்காவுக்கு உயிருள்ளவரை அதில் இருக்கும் உரிமை. ஆபீஸ் ஆட்கள் இருவர் சாட்சி. பூட்டி வைத்தேன். நெஞ்சு நிறைந்து வீட்டுக்குப் போனேன், பொய் சொல்வானேன்.

போன வருடம் அத்தானுக்கு இருதயக் கோளாறு வந்தது. இனி வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். உதவித் தொகைக்கு மனுப் போட நான்தான் பாரம் நிரப்பினேன். "அக்கா, மேரேஜ் செர்ட் எடுத்துட்டு வா" என்றேன். அக்கா கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றி, முந்தானையால் துடைத்து, என் மடியில் வைத்தாள்.

அது கோயிலில் கொடுத்த தாள். பிள்ளையார் படம், மணமக்கள் பெயர், ஐயரின் கையெழுத்து, கோயில் முத்திரை.

"இது இல்லக்கா. பதிவு இலாகாவுல கொடுத்தது."

"இதான் இருக்கு. இதுல முத்திர இருக்குல்ல?"

"அலமாக்! நீங்க ரெண்டு பேரும் பதியவே இல்லையா?"

அத்தான் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஐயரு போய்ப் பதிஞ்சிருங்கன்னுதான் சொன்னாரு. அந்த வாரம் பூரா எனக்கு நைட் ஷிப்ட்" என்றார்.

முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய ஷிப்டைச் சொல்கிறார் மனுஷன்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் மனைவியே இல்லை. வருகிற எல்லாரிடமும் முதலில் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பேன். என் சொந்த அக்காவிடம் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு எதற்குத் தாள்? இருபது வயதில் அந்தக் கல்யாணத்தில் அக்காவுக்குத் தோழியாகப் பின்னால் நின்றவளே நான்தான்.

விடவில்லை. இருவரையும் இழுத்துப் போய் மனுக் கொடுக்க வைத்து, அறிவிப்புக் காலம் முடிந்ததும் பதிவு இலாகாவில் கொண்டு நிறுத்தினேன். அக்கா அறுபத்தொரு வயதில் அரக்குப் பட்டுச் சேலை கட்டி, மல்லிகை வைத்து வந்தாள். அத்தான் முழுக்கைச் சட்டையில் வியர்த்து வழிந்தார். அதிகாரி, சம்மதமா என்று மலாயில் கேட்டபோது அக்கா வெட்கத்தில் தலை குனிய, மகள் பின்னாலிருந்து, "ம்மா, சீக்கிரம் சொல்லும்மா, இல்லாட்டி அப்பா வேற பொண்ணு பாத்துருவாரு" என்றாள். அதிகாரியம்மாவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் சேர்ந்து சிரித்தார். நான் லட்டு வாங்கிப் போயிருந்தேன், கவுண்டரில் எல்லாருக்கும் கொடுத்தேன். அத்தான், "என் மச்சினிதான் எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்சா" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் ஆபீஸுக்கு ஒரு பையன் வந்தான். அடுத்த மாதம் கல்யாணம். போன வருடமே அம்மா பெயருக்கு உயில் எழுதி வைத்துவிட்டதாகவும், அதை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டான். பரவாயில்லையே, விவரமான பிள்ளை என்று மகிழ்ந்துபோய், நூறு பேருக்குச் சொன்னதை அவனுக்கும் சொன்னேன். "தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின உயில், கல்யாணம் ஆன அன்னைக்கே செத்துப் போயிரும். தானாவே ரத்து. இன்னாரக் கட்டிக்கப் போறேன்னு உயில்லயே எழுதியிருந்தா தவிர, புதுசா ஒண்ணு..."

பேனாவை வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன்.

பையன், "என்னாச்சு ஆன்ட்டி, தண்ணி வேணுமா?" என்றான். அக்காவுக்கும் அத்தானுக்கும் சட்டப்படி கல்யாணம் ஆகி மூன்று மாதம். உயில் மூன்று வருடத்துக்கு முந்தையது. லட்டு கொடுத்து, கைதட்டி, அந்த உயிலை நானே கொன்றிருக்கிறேன்.

தெரியாததா எனக்கு? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பதிவு இலாகாவில் நின்றபோது அது கல்யாணம் என்றே எனக்குத் தோன்றவில்லை. கல்யாணம் முப்பத்தாறு வருடத்துக்கு முன் கோயிலில் முடிந்துபோனது. இது ஏதோ விட்டுப்போன பாரத்தை நிரப்புகிற வேலை. வெள்ளைக்காரன் ஒருவன் என் நாற்காலியில் இருந்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்தவள் நான், அதனால் செய்தேன்.

யாருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம் போதும். அத்தானுக்கு ஏதாவது ஆனால் வீடு முழுக்க அக்காவுக்கு. அக்காவுக்குப் பிறகு? சட்டப்படி பிள்ளை இல்லை, பெற்றவர்கள் இல்லை. கூடப்பிறந்தவர்களுக்கு. அதாவது மூவாரில் இருக்கிற எங்கள் அண்ணனுக்கும் எனக்கும். மகளுக்கு ஒரு செங்கல்கூட இல்லை. நான் செய்த தப்பில் பாதி வீடு எனக்கே வருகிறது! அக்காவை உயில் எழுத வைத்தால் போயிற்று என்பீர்கள். என் அக்காவையா? முகம் பார்க்கிற கண்ணாடியில் கீறல் விழுந்தாலே கோயிலுக்கு ஓடுகிறவள் அவள். அதுமட்டுமில்லை, அத்தானுக்கு நாளை மறுநாள் பைபாஸ். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேரவேண்டும்.

புது உயிலை டைப் செய்தேன். பழையதை அப்படியே எடுத்து, தேதியை மாற்றினேன். வழக்கறிஞரான முதலாளியம்மா நடந்ததைக் கேட்டுவிட்டுப் படித்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "போய் முடிச்சிட்டு வாங்க, அப்பறம் திட்டறேன்" என்றார்.

மாசாய் வீதிகளில் காரை ஓட்டிக்கொண்டே பொய் ஒன்றைத் தயார் செய்தேன். ஒரு பக்கம் விட்டுப்போச்சு, சும்மா மறுபடி ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சொன்னால் நம்புவார்கள். என் வார்த்தைக்கு அந்த வீட்டில் அவ்வளவு மதிப்பு. வாசலில் காரை நிறுத்தியபோது அந்த மதிப்புதான் என் வாயை அடைத்தது. மகள் லீவு எடுத்துக்கொண்டு அத்தானின் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று பேரையும் உட்கார வைத்து உள்ளதைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

முதலில் வெடித்தது அக்கா. "அப்ப மூணு மாசமாத்தான் நான் பொண்டாட்டியா? முப்பத்தாறு வருஷம் இந்த வீட்டுல யாருன்னு இருந்தேன்?"

"சட்டத்துக்குக்கா..."

"உன் சட்டத்தத் தூக்கி லோங்காங்ல போடு!" என்று வீட்டு முன்னாலிருந்த சாக்கடையைக் கை காட்டினாள்.

அத்தான் தலையை ஆட்டினார். "நாளன்னைக்கு நெஞ்சப் பொளக்கப் போறாங்க. இன்னைக்கு உயில் நீட்டுற. வேணாம்லா. நல்லபடியா வந்து போடறேன்."

"ப்பா சொல்றது சரி சின்னம்மா" என்றாள் மகள். "இப்ப அவர டென்ஷன் பண்ணாதீங்க. எனக்கு வீடெல்லாம் வேணாம். நான் சம்பாதிக்கறேன்."

வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம்! எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "நீ சும்மா இரு. அத்தான், நல்லா கேட்டுக்குங்க. நீங்க நல்லபடியா வருவீங்க, எனக்கு அதுல சந்தேகம் இல்ல. ஆனா என் வேலையே சந்தேகப்படறதுதான். ஒரு நாள் நீங்களும் இல்ல, அக்காவும் இல்லன்னு வைங்க. அண்ணன் மூவார்லேர்ந்து வந்து அந்த கேட்டுக்கு வெளிய நின்னு சாவியக் குடுன்னு கேட்டா, இவ எந்த உறவுன்னு சொல்லி உள்ள நிப்பா? அண்ணனுக்குப் பக்கத்துல நிக்கப் போறது நான். எனக்கும் பாதின்னு சட்டம் சொல்லுது. என்ன நம்புறீங்களா? நம்பாதீங்க. நானே என்ன நம்பல."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "படி" என்றார்.

"எதுக்கு, பழசு மாதிரியேதான்."

"பழசையே நீ படிச்சுக் காட்டலயே. இங்கிலீஷ்ல இருந்துச்சு, நீ காட்டின எடத்துல போட்டேன். இப்ப தமிழ்ல சொல்லு, வரி வரியா."

அவர் சொன்னது நிஜம். வேறு யாராக இருந்தாலும் வரி வரியாக விளக்காமல் நான் கையெழுத்து வாங்கியதே இல்லை. வீட்டு மனுஷன் என்பதால் அதையும் விட்டிருக்கிறேன். மகளை வெளியே போய் இருக்கச் சொன்னேன். சொத்து வாங்குகிறவள் பக்கத்தில் நின்று எழுத வைத்தாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. அவள் மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போனாள்.

வாசித்தேன். நிறைவேற்றுபவர் யார், அக்காவின் உரிமை என்ன, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "வீட்டை, என் இல்லத்தில் வளர்ந்தவரும் பின்வரும் அடையாள அட்டை எண் உடையவருமான..."

"நிறுத்து. என்ன வளர்ந்தவர்?"

"என் இல்லத்தில் வளர்ந்தவர்."

"வாடகைக்கு இருந்தவளா அவ?"

"அத்தான், சட்டப்படி மகள்னு எழுத..."

"பழசுலயும் இதான் எழுதியிருந்தியா?"

ஆமாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. என் அத்தான் கத்துகிற ஆள் இல்லை, அன்றும் கத்தவில்லை. "அப்ப அந்தப் பேப்பரு செத்தது நல்லதுதான். மகள்னு போடு. போட்டாத்தான் கையெழுத்து. இல்லன்னா நாளன்னைக்கு நடக்கறது நடக்கட்டும்."

முதலாளியம்மாவுக்குப் போன் போட்டேன். "பேரும் ஐசி நம்பரும் சரியா இருந்தா ஆள் யாருன்னு தெரியுது. மகள்னு எழுதறதால ஒரு கெடுதலும் இல்ல. நீங்க ஏன் எழுதல?" என்றார். சந்தேகம் வராமல் எழுதுகிற பழக்கத்தில் அந்த ஒரு சொல்லை நான்தான் அவளிடமிருந்து எடுத்திருக்கிறேன்.

அடித்தல் திருத்தல் இருக்கிற உயிலை நான் கையெழுத்துக்குக் கொடுப்பதே கிடையாது, மறுபடி டைப் செய்வேன். அன்று ஆபீஸுக்குப் போய்த் திரும்ப மனம் வரவில்லை, அவர் மனம் மாறிவிடுமோ என்று பயம். பேனாவால் அந்தச் சொற்களை அடித்து, மேலே இரண்டே சொற்கள் எழுதினேன். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக்கையும் அவர் மனைவியையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "போலே, போலே" என்று சம்மதித்து இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அத்தான் அவர்கள் பார்க்கக் கையெழுத்துப் போட்டார், திருத்திய இடத்திலும் சுருக்கொப்பம் வைத்தார், அவர்களும் வைத்தார்கள். பாக்சிக் அத்தானின் தோளைத் தட்டி, ஆபரேஷன் நன்றாக நடக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். நான் உறையை ஒட்டினேன். அக்காவுக்கு அப்போதும் கோபம் தணியவில்லை, ஆனால் சாப்பிட்டுப் போ என்று தட்டை வைத்தாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அத்தான் இன்று காலையில்கூட எனக்குப் போன் போட்டு, மீன் சாப்பிட அக்கா விடமாட்டேன் என்கிறாள், இதற்குச் சட்டத்தில் வழி உண்டா என்று கேட்டார். அக்காவும் அடுத்த மாதமே உயில் எழுதிவிட்டாள். கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டாள், போகட்டும்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் இருக்கும், மகள் என் ஆபீஸுக்கு வந்தாள். அதுவரை அவள் அங்கே வந்ததே இல்லை. அப்பாவின் உயிலைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆள் உயிரோடு இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்டமாட்டேன் என்றேன். உடனே போனில் அவரைப் பிடித்து என் கையில் கொடுத்தாள். "காட்டுலா, நான்தான் போகச் சொன்னேன்" என்றார் அத்தான்.

எடுத்து வைத்தேன். அவள் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தாள். பேனாவால் எழுதிய இடம் வந்ததும் விரல் நின்றது.

"சின்னம்மா, என் பெறப்புப் பத்திரத்துல வேற அப்பா பேரு. ஸ்கூல் ரிப்போர்ட் கார்டுல அப்பான்னு இருக்கற எடத்த அடிச்சிட்டு, காப்பாளர்னு இருக்கற எடத்துலதான் அப்பா கையெழுத்துப் போடுவாரு. ஒவ்வொரு வருஷமும் டீச்சரு எல்லாரு முன்னாடியும் ஏன்னு கேப்பாங்க. இதுலதான் மொத தடவையா அடிச்ச எடத்துக்கு மேல மகள்னு இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸில் எல்லாரும் இருந்தார்கள், நான் மறைக்கவில்லை.

"ஒரு காப்பி எடுத்துத் தருவீங்களா?" என்றாள். "வீட்டப் பத்தி இருக்கறத மறைச்சிட்டு எடுங்க. அது வேணாம். இந்த வரி மட்டும்."

உயிலின் நகலை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அன்று அந்தப் பக்கத்தை மெஷினில் வைத்து, மேலும் கீழும் வெள்ளைத் தாளால் மூடி, பொத்தானை அமுக்கினேன். முழுத் தாளில் ஒரே ஒரு வரி விழுந்தது: அடித்ததற்கு மேலே என் மகள், பிறகு அவள் பெயர், அவள் எண். சூடு ஆறும் முன்னே அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.